அவளுடைய மூன்று வருடம்

என் மனைவி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "என் வயசப் பத்தி எழுதுததுக்கு எங்கிட்ட கேக்கணும்னு இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். தலையாட்டல் எல்லாம் செல்லாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்றேன். "எழுதித் தொலைங்க" என்றாள். இவ்வளவு தெளிவான ஒப்புதலை எந்தக் கம்பெனியும் எந்த வாடிக்கையாளரிடமும் வாங்கியிருக்காது.

நான் கோவில்பட்டியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஊர், டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போகிற கரிசல் கிராமம். உளுந்தும் பாசியும் கொஞ்சம் கம்பும் விதைக்கிறோம். அந்த அரை மணி நேரப் பயணத்தில் அந்தரங்கம் என்று ஒன்று எவருக்கும் மிஞ்சாது. பக்கத்தில் உட்காருகிறவர் முதலில் எந்த ஊர் என்பார், பிறகு யார் மகன் என்பார், கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளை, பெண் எடுத்தது எங்கே, கையில் இருக்கிற மாத்திரை எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கறந்துவிட்டுத்தான் சீட்டில் சாய்வார். கேட்காவிட்டால்தான் நமக்கு வருத்தம். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒரு தகவலை இருபத்திரண்டு வருடம் நான் ஒளித்து வைத்திருந்தேன். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

கதை டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் தொடங்கியது. கோவில்பட்டியில் நான் டைப் அடிக்கக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் சொல்லிக்கொடுத்தவள் அவள். என் விரல் தப்பான எழுத்தில் விழும்போதெல்லாம் அளவுகோலால் மேசையைத் தட்டுவாள். லோயர் பரீட்சை தேறுவதற்கு முன்பே அவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். சாதி ஒன்று, சொந்தத்திலும் தூரத்து வழி இருந்தது, தடையே இல்லை. அம்மா மட்டும்தான் தடை. அம்மாவுக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு: பெண், மாப்பிள்ளையைவிட இளையவளாக இருக்க வேண்டும். என் பெரியப்பா மகனுக்கு வந்த நல்ல சம்பந்தத்தை, பெண் நான்கு மாதம் மூத்தவள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது அம்மாதான். "மூத்தவளக் கட்டுனா புருசனுக்கு ஆகாது" என்பாள். யாருக்கு ஆகவில்லை என்று கேட்டால் ஓர் ஆளைக்கூடக் காட்ட மாட்டாள்.

ஆகவே அவள் வீட்டில் கொடுத்த ஜாதகத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஊர் வருவதற்குள் புது நோட்டில் அதைப் பார்த்து எழுதி முடித்தேன். எல்லாம் அப்படியே. பிறந்த வருடத்தில் மட்டும் மூன்றைத் தள்ளிப் போட்டேன். மஞ்சளும் தடவினேன். மூன்று வருடம் தள்ளினால் சனி எந்த வீட்டில் போய் உட்காருவார் என்று எனக்குத் தெரியாது. ஜோசியருக்கும் தெரிந்த மாதிரி இல்லை, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொல்லிவிட்டார். நிச்சயம் முடிந்த பிறகு அவளிடம், "இனிமே நீ எனக்கு ஒரு வயசு எளையவ" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வருடத்தைக் குறைத்ததால் அவளுக்கு என்ன நஷ்டம் என்று நான் யோசித்ததே இல்லை. குறைந்தது நல்லதுதானே என்று இருந்தேன்.

எங்கள் தெருவில் ஒரே குழாய். தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை, சில சமயம் பத்து நாளைக்கு ஒரு தடவை வரும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் வந்தார்கள் என்பதெல்லாம் கணக்கில்லை, வயதில் மூத்தவள் குடம்தான் முன்னால். தண்ணீர் நின்றுபோகிற கடைசி நேரத்தில் இந்த வழக்கம் ரொம்பக் கடுமையாகிவிடும். எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். என் வயதுதான் அவளுக்கும். ஊர்க் கணக்குப்படி என் மனைவி அவளுக்கு ஒரு வயது இளையவள். ஆகவே கல்யாணமாகி வந்த நாள் முதலாக அவளை "அக்கா" என்று கூப்பிட்டாள். அந்த அக்காவும் அக்காவுக்கு உரிய எல்லா அதிகாரத்தையும் செலுத்தினாள். "ஏட்டி டவுனுக்காரி, உளுந்த இப்படியா பொடைப்பாக?", "ஏட்டி, கொடத்தப் பின்னால தள்ளு." என் மனைவி தள்ளுவாள். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆனால் தள்ளுவாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். நான் அதைத் தண்ணீர்க் கஷ்டம் என்று நினைத்தேன்.

போன கார்த்திகையில் பயிர்க் காப்பீட்டுக்கு எல்லோரும் பதிந்தோம். எங்கள் வீட்டில் அம்மா பேரில் கொஞ்சம், என் பேரில் கொஞ்சம், மனைவி பேரில் இரண்டு ஏக்கர். ஆதார், பட்டா, அடங்கல், பாஸ்புக் என்று எல்லா நகலையும் ஊர் முக்கில் இருக்கிற ஆன்லைன் கடைக்காரரிடம் கொடுத்தோம். நல்ல மனிதர், வேலையில் சுத்தம். அவர் சுத்தமாக எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அழகாகக் கட்டம் போட்டு, பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், பிறந்த தேதி, வயது, ஆதார் எண், கணக்கு எண் எல்லாம் வரிசையாக வருகிற மாதிரி ஒரு பட்டியல் செய்தார். பிறகு அதை ஊர் விவசாயிகள் வாட்ஸப் குழுவில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்துக்கொண்டே அதைத் திறந்தேன். என் மனைவியின் பெயருக்கு நேரே நாற்பத்தெட்டு என்று இருந்தது. அதற்கு மேல் வரியில் எனக்கு நாற்பத்தாறு. இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக யாரோ வேண்டுமென்றே அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. காப்பியைப் பாதியில் கீழே வைத்தேன்.

பயம் அம்மாவை நினைத்துத்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் அம்மாவுக்குப் படித்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். விஷயம் தெரிந்தால், ஏமாற்றி வந்து புகுந்தவள் என்ற பேச்சு என் மனைவி தலையில்தான் விழும். எழுதியவன் நான் என்று யாரும் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அவ்வளவு உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் நாள்தான் மழை பெய்திருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி, அப்பி, ஆன்லைன் கடைக்குப் போய்ச் சேரும்போது நான் அரைச் சாண் வளர்ந்திருந்தேன். கடை பூட்டிக் கிடந்தது. போன் செய்தால் அவர் எட்டையபுரம் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் இருந்தார்.

"என்னண்ணாச்சி, பேரு எதும் தப்பா இருக்கா?"

"பேரு சரிதாம்யா. இத எதுக்குக் குரூப்புல போட்டீரு?"

"எல்லாரும் சரியா இருக்கான்னு பாத்துக்கிடட்டும்னுதான். ஒவ்வொருத்தருக்கா போன் போட்டா எனக்கு ஏலாதுல்லா?"

"உடனே அழியும்."

"சாப்ட்டுட்டு அழிக்கேன்."

பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்புவது எங்கள் பக்கத்தில் பெரிய பாவம். அவர் பாயசம் வரை போகாமல் எழுந்திருக்க மாட்டார் என்று தெரிந்தது. அப்போதுதான் எனக்குள் இருந்த குமாஸ்தா விழித்துக்கொண்டான். சட்டம் என்று ஒன்று இருக்கிறதே!

கடை வாசலில் நின்றபடியே குழுவில் ஒரு செய்தி அடித்தேன். அவள் சொல்லிக்கொடுத்த டைப்பிங், வேகம் குறையவே இல்லை. 'தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவருடைய பிறந்த தேதி, ஆதார் எண் முதலியவற்றை அவருடைய தெளிவான ஒப்புதல் இன்றி வெளியிடுவது உரிமை மீறலாகும். ஒரு காரியத்துக்கென்று பெற்ற தகவலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாகாது. சம்பந்தப்பட்டவர் கேட்டால் அழித்தே ஆக வேண்டும். எனவே மேற்படி பட்டியலை, குறிப்பாக என் குடும்பத்தார் தொடர்பான விவரங்களை, ஒரு மணி நேரத்துக்குள் நீக்குமாறும், இதுவரை இறக்கிவைத்தவர்கள் திறந்து பார்க்காமல் அழிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.' சட்டம் நிறைவேறிவிட்டாலும் எல்லாப் பிரிவுகளும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்பதையோ, ஊர் முக்குக் கடைக்காரர் அதில் எந்த அளவுக்கு மாட்டுவார் என்பது எனக்கே நிச்சயமில்லை என்பதையோ நான் எழுதவில்லை. எதிராளிக்குச் சாதகமானதை நாமே எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது என் தொழிலின் பால பாடம்.

அது வரைக்கும் அந்தப் பட்டியலை ஏழெட்டுப் பேர்தான் திறந்திருப்பார்கள். பயிர்க் காப்பீட்டுப் பட்டியலை ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் படிப்பார்கள்? 'குறிப்பாக என் குடும்பத்தார்' என்று நான் எழுதியதுதான் தாமதம், ஊர் முழுக்கத் திறந்துவிட்டது. எழுதி முடித்த கையோடு என் முட்டாள்தனம் எனக்கு விளங்கியது. அழிக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் எனக்கு மச்சான் முறை ஆகிற ஒருவர், 'அப்படி என்ன மாப்ள இருக்கு உங்க குடும்பத்துல?' என்று சிரிக்கிற படத்தோடு கேட்டிருந்தார். பாயசம் முடித்துக் கடைக்காரர் பட்டியலை அழித்தபோது அது தெற்குத் தெரு சொந்தங்கள் குழு, கோவில் கொடை குழு, கறவை மாட்டுக் குழு எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

டீக்கடையில் ஒருவர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். சுற்றி இருபது பேர். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

"ஏலே, இந்த லிஸ்ட்படி எங்க அண்ணன் எனக்குத் தம்பிலே!" என்று ஒருவர் கத்தினார். கூட்டம் சிரித்தது. "என் மகளுக்கும் எனக்கும் ஒம்பது வயசுதான் வித்தியாசமாம்" என்றார் ஆட்டுக் கிடை போடுகிற மாமா ஒருவர். "ஆட்டுக் கணக்கப் போட்டுட்டான் போல."

எனக்கு உயிர் வந்தது. இதை நான் எப்படி மறந்தேன்! எங்கள் ஊரில் ஒருவருக்கும் சர்க்கார் காகிதத்தில் சரியான பிறந்த தேதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. வாத்தியார் பின்னால் கணக்குப் போட்டு ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதிவிடுவார். கை நீளமான பிள்ளைகள் எல்லாம் மூத்தவர்கள் ஆனார்கள், கழுத்து நீளமானவர்கள் எல்லாம் இளையவர்கள். பள்ளிக்கூடமே போகாத அம்மா மாதிரி ஆட்களுக்கு ஆதார் முகாமில் இருந்தவர் முகத்தைப் பார்த்து மனதில் பட்ட வருடத்தைப் போட்டு ஜனவரி ஒன்று என்றார். பட்டியலில் பாதி ஊர் ஜூன் ஒன்றாம் தேதியும் மீதி ஊர் புத்தாண்டு அன்றும் பிறந்திருந்தது. யாருடைய வயதையும் யாரும் நம்பப் போவதில்லை. பொய்கள் சூழ்ந்து நின்று என் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டன. எந்தச் சட்டமும் இவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றியிருக்காது.

விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அடுத்த வீட்டு அக்கா. என் மனைவி உள்ளே படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, அந்த லிஸ்டுல எனக்கு என்ன வயசு போட்டிருக்கான்?" என்றாள் அம்மா.

"அம்பத்தேழு."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். "அப்ப ஒன்னயப் பதினோரு வயசுலயா பெத்தேன்? நாசமாப் போவான், எனக்குக் கல்யாணம் முடிஞ்சதே பதினெட்டுல!" கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அவளுக்கு?"

வெங்காயம் உரிக்கிற கை நின்றது. எனக்கு இப்போது துணிச்சல் வந்திருந்தது. "நாப்பத்தெட்டாம். எனக்கு மூத்தவளாம். கம்ப்யூட்டருல்லா, அதுக்கு என்ன தெரியும்" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா சிரித்தாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப எனக்கும் மூத்தவளாட்டி நீ? அடுத்த தடவ தண்ணி வந்தா ஒன் கொடத்தத்தான் மொதல்ல வைக்கணும் போலுக்கே!" நானும் சிரித்தேன். சொல்லப்போனால் நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். கொஞ்சம் பொறுத்து நானும் போனேன்.

"எல்லாம் சரியாப் போச்சு" என்றேன். "எவனும் நம்பல."

"அதான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு" என்றாள். "அந்த லிஸ்டுல இருக்கிற அத்தன பேருலயும் எம் வயசு ஒண்ணுதான் நெசம். கோயில்பட்டி பெரியாஸ்பத்திரில பொறந்தவ நான். மணி நிமிஷத்தோட சர்ட்டிபிகேட் இருக்கு. அதப் போயி ஊரே கம்ப்யூட்டர் கோளாறுங்குது, நீங்க அதுக்குத் தாளம் போடுதீங்க."

"ஒனக்காகத்தான்…"

"எனக்காகவா? ஒப்புதல், ஒப்புதல்னு ஊருக்கே நோட்டீஸ் விட்டீங்களே, படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, ஒரு தப்பு இல்ல. எம் பொறந்த வருசத்த மாத்தும்போது எங்கிட்ட வாங்குனீங்களா அந்த ஒப்புதல?"

"நீ சிரிச்சியே?"

"சிரிக்காம? கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில வந்து சொன்னா சிரிக்காம என்ன செய்ய? எழுதி முடிச்சு ஒங்க அம்மாகிட்டக் காட்டிட்டுல்லா சொன்னீங்க. இருவத்திரண்டு வருசமா ஒருத்திய அக்கா, அக்கான்னு கூப்புட்டுக் கொடத்தப் பின்னால தள்ளிக்கிட்டு இருக்கேன். எங்கிட்ட இருந்து எடுத்த அந்த மூணு வருசம் யாருக்கு ஒதவுச்சு?"

இருபத்துநான்கு வருடம் கோர்ட் வாசலில் நின்றவன் நான். இது வாய்தா கேட்கிற வழக்கு இல்லை என்று தெரிந்தது. அவள் சொன்னதில் ஒரு வரிகூட மறுக்கக்கூடியதாக இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அம்மாவை நினைத்துப் பயமாக இருந்தது என்பதுதான் இன்னும் வெட்கம்.

அவள் தன் போனை எடுத்தாள். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள், இரண்டு ஏக்கர் விவசாயி. குரல் பதிவுப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையில் பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். லிஸ்டுல எல்லார் வயசும் தப்புன்னு பேசிக்கிடுதீங்க. எம் வயசு மட்டும் சரி. நாப்பத்தெட்டு. எங்க வீட்டுக்காரருக்கு நான் ரெண்டு வயசு மூத்தவ. சந்தேகம் இருக்கிறவிய சர்ட்டிபிகேட்டப் பாக்கணும்னா வீட்டுக்கு வாங்க, காப்பி போட்டுத் தாரேன்."

விரலை எடுத்தாள். அவ்வளவுதான். வாசலில் அக்காவின் போன் மணி அடித்தது. பிறகு என் மனைவியின் குரல் வாசலில் இருந்து எனக்குக் கேட்டது, முதலில் இருந்து கடைசி வரை.

அம்மா உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். "அப்ப அந்த ஜாதகம்?"

"நான்தான் எழுதுனேன்."

"எங்க வச்சு?"

"பஸ்ல."

"பஸ்லயா? பத்துக்கு எட்டுன்னானே அந்தச் சோசியக்காரன்! அவனுக்கு ரெண்டு படி உளுந்து குடுத்தேனே, ஏலே, மூட்டையப் பிரிச்சு நல்ல உளுந்தா குடுத்தேனே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினாள். நான் இருபத்திரண்டு வருடமாகப் பயந்த நேரம் அதுதான். "ஏட்டி, நீயாவது ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒங்க மகன் எங்கிட்ட கேக்காமலே செஞ்சுட்டாவ அத்த. கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "இருவத்திரண்டு வருசம் இவங்கூடக் குப்ப கொட்டியிருக்க. இவனுக்கு ஒண்ணும் ஆகல. ஒனக்குத்தான் ஆகல" என்று சொல்லிவிட்டு, உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வருடத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்தாளோ என்னவோ. அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள், கொஞ்சம் கூடுதலாகவே.

எட்டாம் நாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. நான் வேலைக்குக் கிளம்பி நின்றவன், பஸ்ஸை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றேன். என் மனைவி இரண்டு குடத்தோடு போனாள். அக்காவின் குடம் வழக்கம்போல முன்னால் இருந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் யாரும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அக்கா தன் குடத்தைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் குடத்தை ஒரு முழம் பின்னால் இழுத்தாள்.

"வைங்க" என்றாள். கொஞ்சம் விட்டு, "வைங்கக்கா" என்றாள்.

என் மனைவி குடத்தை வைத்தாள். நிதானமாக வைத்தாள். நிறைகிற வரைக்கும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, "ஏட்டி, ஒன் கொடத்த நேரா வையி, சரிஞ்சு நிக்குது" என்றாள். அந்த 'ஏட்டி'யை அவள் எத்தனை வருடமாக நாக்கில் வைத்திருந்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு குடமும் நிறைந்தன. நான் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன வேடிக்க? எளையவுகதானே, வந்து கொடத்தத் தூக்குங்க" என்றாள், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

என் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு போய் இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.